அத்தாவின் ஆற்றுப்படை

பரிசில் பெற்று மீள்கின்ற ஒருவன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொருவனுக்கு வழிகாட்டுவதே ஆற்றுப்படை என்று வகுப்பறையில் கூறுவது என் வழக்கம். பத்துப்பாட்டில் செம்பாதி ஆற்றுப்படை நூல்களே. அவற்றுள்ளும் கூத்தராற்றுப்படை என்று பெயர் பெற்ற மலைபடுகடாம் எனக்கு மிக நெருக்கமானது. 583 அடிகளில் ஒரு மலைவழி முழுவதையும் கண்முன் நிறுத்தும் நூல் அது. எவ்விடத்தில் பாறை வழுக்கும், எவ்விடத்தில் பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், யானையை ஓட்டத் தினைப்புனக் காவலர் எறியும் கவண்கல் எத்திசையிலிருந்து வரும், எந்தச் சிற்றூரில் விருந்து கிடைக்கும் என்றெல்லாம் கூத்தனுக்கு எடுத்துரைக்கும். ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்கு அந்நூலையே நான் எடுத்துக்கொண்டேன். ஆய்வேடும் எழுதினேன், பட்டமும் பெற்றேன்.

அந்நாளில் எங்கள் வீட்டு அலமாரியில் மற்றோர் ஆற்றுப்படை இருந்தது. அதை நான் அறிந்தேனில்லை. அதை எழுதியவர் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்ற என் அத்தா.

எங்களுக்குச் சொந்த ஊர் கம்பம். அத்தா சைக்கிளில் ஜவுளி வியாபாரம் செய்தார். கருப்பு வண்ணத்தில் ஒரு ஹெர்குலிஸ் சைக்கிள். அதன் கேரியரில் மூங்கில் தப்பைகளை வைத்துக் கட்டி அகலப்படுத்தியிருப்பார். அதன்மேல் சேலை, கைலி, துண்டு, பிள்ளைகளுக்கான கவுன் என்று ஆளுயரத்திற்கு மூட்டை ஏறும். சுபுஹுத் தொழுகை முடிந்ததும் புறப்படுவார். கூடலூர், லோயர்கேம்ப் வழியாகக் குமுளி மலை ஏறி, ஏலத்தோட்டத்து லயங்களில் துணி விற்று, மறுநாள் கம்பம்மெட்டு வழியாக இறங்கி வீடு சேர்வார். வாரத்திற்கு ஒருமுறை இந்தச் சுற்று. ரொக்கம் பாதி, கடன் பாதி.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2000-ஆம் ஆண்டு நான் முதுகலை இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு என்னோடு ஊருக்கு வந்திருந்த வகுப்புத் தோழர் இருவருடன் கம்பம் பேருந்து நிலையத்தில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, அத்தா மூட்டையோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவ்வழியே வந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். "யார் அவர்?" என்று தோழர் ஒருவர் கேட்டார். "எங்கள் ஊர்க்காரர்" என்றேன். அத்தாவின் காதில் அது விழுந்ததா இல்லையா என்பதை இன்றுவரை நான் அறியேன். அவர் நிற்காமல் சென்றுவிட்டார். அன்றிரவு எப்போதும் போலவே பேசினார். அதுவே எனக்கு மிகப் பெரிய தண்டனையாயிற்று.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணை பற்றிய சர்ச்சை முற்றி, இரு மாநில எல்லையிலும் கொந்தளிப்பு ஏற்பட்டது. குமுளிச் சாலையில் போக்குவரத்து நின்றது. அத்தா அப்போது அறுபத்தாறு வயதைக் கடந்தவர். ஏற்றத்திற்கு லாரியில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு சென்றாலும், சுற்றினை அவர் விட்டாரில்லை. சாலை அடைபட்ட அந்த நாட்களில்தான் அவருக்குப் பக்கவாதம் வந்தது. அடுத்த மாதமே இறையடி சேர்ந்தார். அதற்கு முன், குழறிய சொற்களில் அலமாரியைக் காட்டி அவர் சொன்னது இது: "மேல் தட்டில ஒரு சேல இருக்கு. அது நம்ம துணி இல்லப்பா. அமானிதம்."

பிறர் நம்மை நம்பி ஒப்படைத்த பொருள் அமானிதம். அதை உரியவரிடம் சேர்க்கும்வரை நாம் அதற்குக் காவலாளியே அன்றி உரிமையாளர் அல்லர். எங்கள் வீடுகளில் குழந்தைகள் முதலில் கற்கும் சொற்களுள் இதுவும் ஒன்று.

மேல் தட்டில் அரக்கு நிறப் பட்டுச்சேலை ஒன்று செய்தித்தாளில் சுற்றப்பட்டிருந்தது. பக்கத்தில் நீள வாக்கில் ஒரு கணக்கு நோட்டு. ஆனக்கரையை அடுத்த ஏலத்தோட்டம் ஒன்றில் வேலை செய்யும் அம்மையார் ஒருவர், மகள் திருமணத்திற்காக ரூ. 1,500 முன்பணம் கொடுத்திருந்தார். சேலை விலை ரூ. 1,850. பாக்கி ரூ. 350. இவ்வளவுதான் கணக்கு. ஆனால் அந்த நோட்டின் மற்ற பக்கங்களைப் புரட்டியபோது நான் திகைத்துப் போனேன். கடன் விவரங்களுக்கு இடையிடையே வழியெல்லாம் எழுதப்பட்டிருந்தது. "லோயர்கேம்ப் தாண்டி முதல் வளைவில் ஊற்று. மாசிக்குப் பின் வற்றும்." "குழாய்ப் பக்கம் சாயங்காலம் நிக்கக்கூடாது, யானை வரும்." "இறக்கத்தில் ரெண்டு பிரேக்கும் சேர்த்துப் பிடி. பின் பிரேக் மட்டும் பிடித்தால் கட்டை தேயும்." "இந்த லயத்தில் கிழவிக்குக் கண் தெரியாது, சில்லறையை எண்ணிக் கையில் வை." மலைபடுகடாம் கூறும் வழிநிலையும், இடர்நிலையும், விருந்து நிலையும் அதில் அப்படியே இருந்தன.

நாற்பதாம் நாள் கழிந்ததும் அந்தச் சேலையைச் சேர்ப்பிக்கப் புறப்பட்டேன். அதற்குள் பேருந்துகள் ஓடத் தொடங்கியிருந்தன. ஆயினும் அத்தாவின் சைக்கிளிலேயே, அத்தாவின் வழியிலேயே செல்வது என்று உறுதி செய்துகொண்டேன். சக்கரத்திற்குக் காற்றடித்து, சங்கிலிக்கு எண்ணெயிட்டு, பஞ்சர் ஒட்டும் சாமான்களையும் ஒரு ஜோடி பிரேக் கட்டைகளையும் பையில் வைத்துக்கொண்டு, மாசி மாதத்து விடியற்காலையில் கிளம்பினேன்.

கம்பத்திலிருந்து குமுளி ஏறக்குறைய 23 கிலோமீட்டர். அதில் முதற்பகுதி மருத நிலம். இருபுறமும் நெல் வயல்கள், தென்னந்தோப்புகள், கல்தூண் நட்டுக் கம்பி கட்டிய திராட்சைப் பந்தல்கள். கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் படித்திருப்பீர்கள். அந்தப் பந்தல்களின் ஓரமாகத்தான் சாலை செல்கின்றது. பேருந்தில் எத்தனையோ முறை அவ்வழியே சென்றிருக்கிறேன். சமநிலம் என்றே எண்ணியிருந்த அச்சாலை கூடலூர்வரை மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே இருக்கின்றது என்பதைச் சைக்கிளில் சென்ற அன்றுதான் என் முழங்கால்கள் எனக்குச் சொல்லின. வாய்க்காலில் நீர் என்னை எதிர்த்து வந்துகொண்டிருந்தது. நான் ஏறிக்கொண்டிருந்தேன், அது இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பயணம் முழுவதும் அப்படியே இருந்தது.

கூடலூரைக் கடக்கையில் தெற்கே உயர்ந்து நிற்கும் மலைமுடியில்தான் மங்கலதேவி கண்ணகி கோட்டம் உள்ளது. சித்திரை முழுநிலா நாளில் மட்டுமே மக்கள் அங்கே செல்ல இசைவு உண்டு. மதுரையை நீங்கிய கண்ணகி மலை ஏறி வேங்கை மரத்தடியில் நின்றதைக் குன்றக் குறவர் கண்ட செய்தி சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் வருகின்றது. தமிழாசிரியனாகிய எனக்கு அந்த முடியைப் பார்த்ததும் உள்ளம் சிலிர்த்தது. அத்தாவின் நோட்டில் அந்த இடத்திற்கு இருந்த குறிப்போ வேறு: "மேலே மேகம் உட்கார்ந்தால் மழை. துணிக்குப் பாலிதீன் போடு."

லோயர்கேம்பில் மருதம் முடிகின்றது. அங்கே மலைச்சரிவில் நான்கு பெருங்குழாய்கள் இறங்கி வருகின்றன. மேலே தேக்கடி ஏரியிலிருந்து சுரங்கத்தின் வழியாக வரும் பெரியாற்று நீர், அக்குழாய்களில் பாய்ந்து, 1958 முதல் மின்சாரம் தந்துகொண்டிருக்கின்றது. மேற்கே ஓடி அரபிக் கடலில் கலந்திருக்க வேண்டிய நீரைக் கிழக்கே திருப்பி வைகையோடு சேர்த்த பணி 1887-இல் தொடங்கி 1895-இல் நிறைவுற்றது. அதனை முன்னின்று முடித்த பொறியாளர் ஜான் பென்னிகுயிக்கின் மணிமண்டபம் 2013 ஜனவரியில் இதே லோயர்கேம்பில் திறக்கப்பட்டது. அவர் பெயரை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆனால் அந்தக் காட்டில் மலைக்காய்ச்சலுக்கு இரையாகிய எண்ணற்ற தொழிலாளரின் பெயர்களை யார் எழுதி வைத்தார்கள்?

லோயர்கேம்பிலிருந்து குமுளிவரை கொண்டை ஊசி வளைவுகள். ஏழு கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். எனக்கு அது இரண்டரை மணி நேரமாயிற்று. இரண்டு வளைவு மிதிப்பது, மூன்று வளைவு தள்ளுவது என்று ஏறினேன். அத்தா சொன்ன ஊற்றில் நீர் இன்னும் வற்றவில்லை. தேக்கும், மூங்கிலும், காட்டு நெல்லியும் இருபுறமும் நின்றன. பேருந்தில் செல்வோர் இந்தக் காட்டைப் பார்க்கின்றனர். சைக்கிளைத் தள்ளுகின்றவனோ அதைக் கேட்கின்றான், முகர்கின்றான். மூங்கில் ஒன்றோடொன்று உராயும் ஓசையும், புதிதாக இட்ட யானைச் சாணத்தின் மணமும், எந்த வளைவில் வெயில் மறைந்து காற்றுக் குளிர்கின்றது என்பதும் பேருந்துச் சன்னலுக்குள் வருவதில்லை. இரைச்சல்பாலத்தில் சற்று நின்றேன். அந்தப் பெயரே அங்கு பாயும் நீரின் ஓசையால் வந்தது. என்னுடைய மூட்டை ஒரே ஒரு சேலை. அத்தாவின் மூட்டை எவ்வளவு கனத்திருக்கும் என்று அங்கே நின்றுகொண்டு கணக்கிட்டுப் பார்த்தேன். அதற்குமேல் கணக்கிட மனம் இடம் தரவில்லை.

குமுளி, கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. எல்லையில் காவலர்கள் கூடுதலாகவே நின்றனர். அத்தா எப்போதும் சைக்கிளை நிறுத்தும் தேநீர்க்கடைக்குச் சென்றேன். கடைக்காரர் மலையாளி. என்னை அறியார், சைக்கிளை அறிந்துகொண்டார். மூங்கில் தப்பை கட்டிய கேரியரைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் சொல்ல வேண்டியதைக் கேட்குமுன்னரே அவர் கண்கள் நிறைந்தன. உள்ளே சென்று, அத்தா அங்கே விட்டு வைத்திருந்த மழைக்கோட்டை மடித்து எடுத்து வந்து தந்தார். இரண்டு மாதங்களாக அந்தத் தெருவில் என்னென்னவோ நடந்திருந்தன. ஆயினும் அந்த மழைக்கோட்டு அதன் ஆணியில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்திருக்கின்றது. அதுவும் ஓர் அமானிதம்தான்.

நோட்டில் குமுளிக்கு அடுத்த வரி: "நேரமிருந்தால் ஏரிக்குப் போய் வா. நாம் தின்கிற சோறு அங்கிருந்துதான் வருகிறது." எனவே, மாலையில் தேக்கடிக்குச் சென்றேன். குமுளியிலிருந்து படகுத் துறைவரை நான்கு கிலோமீட்டர் அளவிலான காட்டுச்சாலை. அந்நாளில் அதில் தனியார் வண்டிகளும் செல்ல முடிந்தது. இன்று வெளியே வண்டியை நிறுத்திவிட்டு வனத்துறைப் பேருந்தில்தான் செல்ல வேண்டும். காட்டுக்கு அதுவே நல்லது. வானை மறைக்கும் மரங்களிடையே சைக்கிள் ஓசையின்றி உருண்டது. கருமந்திகள் கிளைவிட்டுக் கிளை தாவின. மலை அணில் ஒன்று வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு, இவன் யார் என்பது போல் பார்த்தது. மணியடிக்க மனம் வரவில்லை.

ஏரி கண்ணுக்குத் தெரிந்தது. அணை அங்கிருந்து தெரிவதில்லை. அது நெடுந்தொலைவில் மலைகளுக்குள் இருக்கின்றது. தெரிந்தவை நீரும், நீருக்கு மேல் நிற்கும் பட்ட மரங்களுமே. 1895-இல் நீர் தேங்கியபோது மூழ்கிய காட்டின் எச்சங்கள் அவை. நூறாண்டுகள் கடந்தும், பட்டையும் கிளையும் இழந்து, கரிய தூண்களாக நீரில் நிற்கின்றன. ஒவ்வொரு தூணிலும் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. சுமார் 26 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்த ஏரியின் அடியில் ஒரு காடு இருக்கின்றது. அங்கே வாழ்ந்த மன்னான், பளியர் ஆகிய பழங்குடி மக்கள் நாளடைவில் காட்டின் உள்ளிருந்து அதன் விளிம்பிற்குக் குடிபெயர்க்கப்பட்டனர். கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலமும், அதற்குக் கீழே தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களின் வயல்களும் அந்த நீரால்தான் பசுமை பெறுகின்றன. நாம் உண்ணும் சோற்றுக்கு விலை கொடுத்தவர்கள் இருக்கின்றார்கள். அவர்கள் பெயர் நம் கணக்கு நோட்டில் இல்லை.

தண்ணீர் நம் உரிமை என்பதில் எனக்கு ஐயமில்லை. அணையில் நீரை 142 அடிவரை தேக்கலாம் என்று 2014-இல் உச்சநீதிமன்றமும் உறுதி செய்தது. ஆனால் உரிமை வேறு; உடைமை வேறு. உரிமையோடு பெறுகின்ற பொருளும் அமானிதமாக இருக்கலாம் என்பதை அந்தப் பட்ட மரங்களின் எதிரே அமர்ந்து அஸர் தொழுத பின் உணர்ந்தேன். அதே காட்டில் ஒரு காலத்தில் வயணா மரப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். 1990-களின் பிற்பகுதியில் அவர்கள் மீதிருந்த பகையை மாற்றி, அவர்களையே வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் அமர்த்தும் திட்டம் அங்கே தொடங்கியது. காட்டின் கள்ளவழி அறிந்தவர்களே அதன் காவல்வழியும் அறிந்தவர்கள் ஆயினர். எடுத்ததைத் திருப்பித் தருவதற்கு மனிதனுக்கு எப்போதும் ஒரு வழி இருக்கின்றது என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

இரவு குமுளியில் தங்கி, மறுநாள் காலை ஆனக்கரை வழியே புறப்பட்டேன். அது குறிஞ்சி நிலம். ஏறுவதும் இறங்குவதுமாக நெளியும் சாலை. உயர்ந்த மரங்களின் நிழலில் ஏலச் செடிகள். மரங்களைப் பற்றி ஏறும் மிளகுக் கொடிகள். நோட்டைப் பார்த்துப் பார்த்துச் சென்றேன். "பெரிய பலா மரத்துக்கு இடப்பக்கம் மண்பாதை. கடைசி லயம், நாலாவது வாசல்." பலா மரம் நின்றது. நாலாவது வாசலில் அந்த அம்மையார் முறத்தில் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"ராவுத்தரு மகனா?" என்றார், சைக்கிளைப் பார்த்து. நான் செய்தியைக் கூறினேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சற்று நேரங்கழித்துப் பேசினார்.

"கல்யாணம் தை மாசமே ஆயிருச்சு தம்பி. பிரச்சினை நேரத்துல கையில கெடச்ச சேலைய எடுத்து முடிச்சுட்டோம். ராவுத்தரு வரலைன்னதும் அவருக்கு ஏதோ ஆயிருச்சுன்னுதான் நெனச்சோம். காசு போச்சுன்னு ஒரு நாளும் நெனக்கல."

பட்டங்களும் பாராட்டுகளும் சிலவற்றை நானும் பெற்றிருக்கின்றேன். என்னைப் பற்றி யாரேனும் இப்படி ஒரு சொல் சொல்வார்களா என்று தெரியவில்லை. முன்பணத்தைத் திருப்பித் தந்துவிடுகின்றேன் என்றேன். அவர் கேட்கவில்லை. மகளின் வளைகாப்புக்கு ஆகும் என்று சேலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு உள்ளே சென்று ரூ. 350 கொண்டு வந்தார். பாக்கி வேண்டாம் என்று மறுத்தேன்.

"வாங்கிக்க தம்பி. ஒங்க அத்தா கணக்க விட்டுட்டுப் போக மாட்டாரு."

இரு கைகளாலும் வாங்கிக்கொண்டேன். அவர் தந்த கட்டன்காப்பியைக் குடித்துவிட்டுப் புறப்படும்போது, பக்கத்து வாசல்களிலிருந்து நால்வர் வந்து சைக்கிளைச் சூழ்ந்துகொண்டனர். ஒருவர் ரூ. 200 பாக்கி என்றார், மற்றொருவர் ரூ. 75 என்றார். நோட்டைப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. சிலவற்றின் பக்கத்தில் மட்டும் "கேட்க வேண்டாம்" என்று எழுதியிருந்தார்.

புற்றடி வழியாகக் கம்பம்மெட்டு வந்து சேர்ந்தபோது பிற்பகல் ஆகியிருந்தது. அங்கே சாலை மலையின் விளிம்பிற்கு வந்து திரும்புகின்றது. கீழே பள்ளத்தாக்கு முழுவதும் விரிந்து கிடந்தது. நெல் வயல்கள் பச்சைக் கட்டங்களாகவும், தென்னந்தோப்புகள் கரும்பச்சைத் திட்டுகளாகவும், நடுவே வாய்க்கால்கள் வெள்ளி இழைகளாகவும் தெரிந்தன. முதல்நாள் மாலை நீர் தேங்கிய இடத்தைக் கண்டேன். இன்று அது போய்ச் சேர்ந்த இடத்தைக் கண்டேன். இரண்டையும் ஒரே சைக்கிளில் சென்று காண்பவனுக்கே அவை இரண்டும் ஒன்று என்பது விளங்கும். வாரந்தோறும் அத்தா இதைக் கண்டிருக்கின்றார். நான்தான் நூலகத்தில் அமர்ந்து மலைவழியைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தேன்.

இரண்டு பிரேக்குகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். அடிவாரம் வந்தபோது கட்டைகள் சூடேறியிருந்தன, தேய்ந்திருக்கவில்லை. கம்பம் பேருந்து நிலையத்திற்கு எதிரே வந்ததும் மிதிப்பதை நிறுத்திவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே அந்தத் தேநீர்க்கடை முன்னால் நடந்தேன். கடையில் நின்ற ஒருவர், "யாரோட சைக்கிள் சார் இது?" என்று கேட்டார்.

"எங்கள் அத்தாவுடையது" என்றேன்.

மாணவச் செல்வங்களே, நம் கல்லூரியில் பயில்வோரில் பெரும்பாலோர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். உங்கள் வீட்டிலும் ஒரு நோட்டு இருக்கக்கூடும். அது நோட்டாக இல்லாமல் ஒரு மண்வெட்டியாகவோ, தையல் இயந்திரமாகவோ, காய்த்துப்போன இரு கைகளாகவோ இருக்கலாம். நூலகத்திற்குச் செல்லுங்கள், மலைபடுகடாமும் படியுங்கள். அதற்கு முன் வீட்டிலுள்ள ஆற்றுப்படையை, அதை எழுதியவர் அருகில் இருக்கும்போதே, ஒருமுறை கேட்டுப் படியுங்கள்.

அன்றிரவு அத்தாவின் நோட்டைத் திறந்து, அவர் எழுதி நிறுத்தியிருந்த வரிக்குக் கீழே என் கையால் எழுதினேன்: "ஆனக்கரை. சேலை சேர்ந்தது. வரவு ரூ. 350. கணக்கு முடிந்தது." எழுதிய பின்னர், கடைசி இரண்டு சொற்களை மட்டும் அடித்துவிட்டேன்.